கால் துடைக்கும் காபூல் கம்பளம்

சாயாக்கடையில் வடிகட்டிப் போடும் தேயிலைச் சக்கையின் வாடை பட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். எழுபதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் கிழிந்த கம்பளங்களைத் தைத்துச் சீராக்கும் வேலை எனக்கு. வெளியே சொல்லிக்கொள்வது அப்படி. நிஜத்தில் செய்தது வேறு. வடக்கிலிருந்து வரும் புதுக் கம்பளத்தைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போடுவேன். அரிசிக் கிடங்கு வாசலில் விரித்து, கைவண்டிகள் ஏறி இறங்க விடுவேன். கடைசியாக ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து அடிப்பக்கம் தேய்ப்பேன். நாடோடிகளின் கூடார வாசனை வர வேண்டுமாம்! அதை மோந்துவிட்டுக் கண்மூடிக் கிறங்கிய வெள்ளைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சீ!

"ஆப்கான் மலைசாதிக் கம்பளம், நூறு வருசப் பழசு" என்பார் முதலாளி. நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். இந்த இழவைச் செய்து செய்தே, பழசு என்றால் மங்கலாக இருக்கும் என்று என் கண் பழகிவிட்டது. அசலை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் தெருவுக்கு நான்தான் நிபுணன்.

எங்கள் சந்தில் ஒரு லாத்தா இருந்தார். அக்காவை லாத்தா என்பது எங்கள் வழக்கம். அவர் புருஷன் இளவயதில் ஏலக்காய் வியாபாரி ஒருவருக்குச் சமையல்காரராகக் காபூல் வரை போனவர். அங்கே கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து நூறு வருசக் கம்பளம் ஒன்று வாங்கினேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சந்தே அவரைப் புளுகு மூட்டை என்று கேலி செய்யும். அவர் மௌத்தான மறுவருசம் லாத்தா அதைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"விக்க வரல தம்பி. அவுக சொன்னது நெசமான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

விரித்தேன். சிவப்பு பளீரென்றிருந்தது. அதே சிவப்பு பாதியில் வேறு சிவப்பாக மாறியது. ஒரு ஓரம் இரண்டு விரல் குறுகியிருந்தது.

"பழசு இப்படி மின்னாது லாத்தா. சாயம் பத்தல, அளவும் கோணல். ஆரோ ஏமாத்தி வித்திருக்கான்."

"அப்ப அவுக சொன்னது கள்ளமா?"

"கள்ளம்தான்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவர் கம்பளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

ஆப்கானிஸ்தானில் சண்டை மூண்டபின், எண்பதுகளில், டெல்லி வியாபாரி ஒருவர் அசல் கம்பளங்களை மூட்டையாகக் கொண்டுவந்து எங்கள் கடையில் பிரித்தார். எல்லாம் பளீரென்ற சிவப்பு. வேர்ச் சாயம் நூறு வருசமானாலும் மங்காது என்றார். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் நிறம் கொஞ்சம் மாறுமாம். நாடோடிகள் இடம் பெயரும்போது தறியைப் பிடுங்கி மறுபடி முளையடிப்பதால் ஓரம் கோணுமாம். செருப்பைக்கூட மாட்டாமல் மழையில் லாத்தா வீட்டுக்கு ஓடினேன்.

கம்பளம் குளியலறை வாசலில் கிடந்தது. ஆறு மழைக்காலத்து ஈரக்கால்கள் மிதித்தும் சிவப்பு அப்படியே இருந்தது. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். அழுக்குத்தான் வந்தது, சாயம் ஒரு துளி வரவில்லை.

"லாத்தா, இது அசல். அவர் சொன்னது நெசம். நான்தான் தெரியாமப் பேசிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார்.

"உங்க முதலாளி அனுப்பினாரா? இப்ப இதுக்கு நல்ல விலை போகுதாமே."

"அல்லா மேல சத்தியமா இல்ல லாத்தா!"

"ஆறு வருசமா அவுகளுக்கு துஆ கேக்க கை ஏந்தும்போதெல்லாம், இந்தப் பொய்யனுக்கா கேக்கறேன்னு மனசு கெடந்து குத்துது. நீ சொன்னதத்தான் நம்பினேன். இன்னும் ஒருக்கா உன்னை நம்பச் சொல்றியா? உங்க கடை வண்டவாளம் இப்ப சந்துக்கே தெரியும். ஆட்டுப் புழுக்க தேய்ச்ச கைதானே அது?"

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். லாத்தா ஈரப் பாதங்கள் இரண்டையும் அந்தச் சிவப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு உள்ளே போனார்.