அம்மாவைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள்

அம்மாவின் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உறவினர்கள் சிலர் வீடு தேடி வந்து, "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா, பழசெல்லாம் கிளறாதே" என்று கேட்டுக்கொண்டார்கள். அம்மாவைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். மற்றவர்களைப் பற்றி, என்னையும் சேர்த்து, அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பிறந்தது நெமிலிச்சேரியில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு அம்பத்தூருக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரிப் பாசன வயல்கள் இருந்தன. அறுபதுகளில் அவற்றை மேடாக்கித் தொழிற்சாலைகள் கட்டினார்கள். அப்பாவுக்கு ஒன்றில் வேலை கிடைத்தது, பிறகு எனக்கும். ஷிப்ட், ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமையானால் சபைக் கமிட்டி, புதுக் கோயில் கட்டும் வேலை என்று எங்கள் கால் தரையில் பாவவில்லை. இயேசு குருடனுக்குப் பார்வை கொடுத்ததைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டோம். கேட்டு முடித்ததும் அடுத்த வேலைக்கு ஓடினோம்.

எங்கள் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போடுவார்கள். மாதக் கடைசி ஞாயிறன்று அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். வெறும் கஞ்சியோடு பொழுது போன நாட்களிலும் அம்மா அந்தப் பிடியைக் குறைத்ததில்லை.

ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தேன். பின்வேலி ஓரமாக நின்று, அம்மா அந்த டப்பாவைப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாக்காவின் முந்தானையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மாக்கா அந்த வயல்களில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்தவர். வயல் போனதும் பிழைப்பும் போனது. தொழிற்சாலையில் அவரையும் சேர்க்கவில்லை, அவர் கணவரையும் சேர்க்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சபைக்குரிய அரிசி சபையில் இல்லாதவர் வீட்டுக்குப் போகிறது என்பது மட்டும்தான் அப்போது உறைத்தது. வாலிபர் சங்கச் செயலாளர் என்ற கித்தாப்பு வேறு. நேரே போய்ப் போதகரிடம் சொல்லிவிட்டேன்.

கமிட்டி கூடியது. அம்மா சபை நடுவே எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள்.

"ஆண்டவருக்குன்னு வெச்ச அரிசிய எடுத்துக் குடுக்கலாமாம்மா?" என்று போதகர் கேட்டார்.

"ஆண்டவருக்குன்னு வெச்சத பசிக்கிறவளுக்குக் குடுத்தேன் ஐயா. மூணு நாளா அந்த ஊட்ல அடுப்பு எரியல. இதுல இன்னா மன்னிப்பு கேக்கறது?" என்றார் அம்மா.

மூன்று நாள் பட்டினி ஒருவர் காதிலும் விழவில்லை. பெண்பிள்ளை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்பதே பேச்சானது. மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தில் பங்கில்லை என்று தீர்த்தார்கள். கமிட்டியில் இருந்த அப்பாவும் கை தூக்கினார்.

இரண்டு வருஷம் அம்மா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு, அவர் இருந்த பக்கம் பார்க்காமல் திரும்பி வந்தோம். ஒரு ஞாயிறாவது அவர் பக்கத்தில் போய் உட்காரலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பந்தல், நாற்காலி, பாடகர் குழு என்று தலைக்கு மேல் வேலை. இதைப் படிக்கும் பலருக்கும் அன்று அப்படித்தான் இருந்தது. யார் யார் என்று நான் எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

பிறகு மாற்றலாகி வந்த போதகர் விஷயத்தைக் கேட்டறிந்து, அந்தப் பெஞ்சுக்கே நடந்துபோய் அம்மாவுக்கு அப்பத்தைக் கொடுத்தார். அவரை மட்டும் மதிக்கிறேன். கமிட்டியில் ஒருவரும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா காலமான பின், கடைசி வருஷம் அம்மா மூச்சிரைப்பில் படுக்கையாகக் கிடந்தார். கஞ்சி ஊட்டியவரும், உடம்பு துடைத்தவரும், துணி அலசிப் போட்டவரும் கன்னியம்மாக்காதான். நான் புதுக் கோயில் பிரதிஷ்டைக்காக அலைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் சட்டை மாற்ற வந்த என்னை அம்மா கூப்பிட்டார்.

"ஐயாகிட்ட சொன்னது நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா."

நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அரிசி கொட்றத பாத்த. சரி. அவ மூஞ்ச பாத்தியா?"

பார்க்கவில்லை அம்மா. அன்று டப்பாவையும் முந்தானையையும்தான் பார்த்தேன். இதைச் சொல்லிக் கையைப் பிடித்து அழுதிருக்க வேண்டும். எனக்கு நேரமில்லை. வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள், போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து, கன்னியம்மாக்காவின் மடியில் தலை வைத்தபடி அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நான் அப்போது கமிட்டிக் கூட்டத்தில் இருந்தேன்.

முடிவில் நன்றி சொல்ல வேண்டும். மாலையோடு வந்தவர்களுக்கும் இரங்கல் தீர்மானம் போட்டவர்களுக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கன்னியம்மாக்கா ஒருவருக்கே சொல்கிறேன். இந்த நினைவு ஆராதனைக்கு அவரை அழைக்கப் போனேன்.

"உங்கம்மாவையே கடைசில குந்த வெச்சவங்க. என்னிய எங்க குந்த வெப்பாங்க தம்பி?" என்று கேட்டார்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அவர் முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சகிக்காதவர்கள் எழுந்து போகலாம்.