இரையாத பெட்டி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வீடு அவளுடையது, சுற்றியிருக்கிற வளவு அவளுடையது, கிணறும் அவளுடையது. எனக்கென்று அந்த வீட்டில் இருந்தவை உடுக்கிற நாலு சாரன், ஈயம் பற்றவைக்கிற கோல் ஒன்று, பிறகு வந்து சேர்ந்த ஒரு கணினிச் சேர்வர். அதனால் மனைவி ஒருநாள், "இந்த ஊட்டுல ஒண்டு இது இரிக்கட்டும், இல்லாட்டி நான் இரிக்கன்" என்று சொன்னபோது வெளியே போக வேண்டியது யார் என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. சேர்வரும் போகும், அதைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். தெரிந்த தொழில் மின்விசிறி திருத்துவது. கடற்கரை வீதியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். சுனாமி அதைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மனைவியின் முன்கூடத்தில் ஊர்க்காரரின் விசிறிகளுக்கு நடுவே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் "கடை எடுக்கப் போறன், பாத்துக்கொண்டிரிக்கன்" என்று நாலு வருஷம் பொய் சொன்னேன்.

கட்டாரில் இருந்த மனைவியின் தம்பிதான் சேர்வரை அனுப்பினார். அவர் வேலைசெய்த இடத்தில் கழித்துவிட்டதாம். கம்பளிக்கும் பால்மா ரின்னுக்கும் நடுவில் கப்பலில் வந்தது. திரை இல்லை, விசைப்பலகை இல்லை, டீவீடீ பிளேயருக்குக் காக்கா, அதாவது மூத்த அண்ணன், மாதிரி ஒரு தகரத் தட்டு. மச்சான் ரெலிபோனில் விளக்கினார்: பழைய கணினி நாலை முன்கூடத்தில் போடு, பாடங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் இதற்குள் வை, சோதனை எடுக்கிற பிள்ளைகள் வந்து படிப்பார்கள், உனக்கு வேலை சுவிட்சைப் போடுவது மட்டும். சுவிட்சைப் போடுவதற்கு ஐந்தாம் வகுப்பு தாராளம். ஊர் என்னை இனிக் 'கொம்பியூட்டர்காரர்' என்று கூப்பிடும் என்று கனவு கண்டு, கனவிலேயே இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

சுவிட்சைப் போட்டேன். உள்ளே இருந்த ஆறு சின்ன விசிறிகளும் ஒரே நேரத்தில் கத்தின. வாசலில் நின்ற கோழி அன்று எங்கே போனதென்று இன்னும் தெரியாது. மனைவி ஈரக் கையோடு குசினியிலிருந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. நேரே வந்து பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதுதான் மேலே சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னாள்.

எனக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலும் இல்லை. சுனாமி வந்த அந்த ஞாயிறு காலையில் அவள் செத்தல் மிளகாயைக் கிரைண்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். மாமி, அதாவது அவளுடைய உம்மா, கடல் பக்கமாக இருந்த அடுத்த வீட்டில். எங்கள் மகள் சட்டையைப் பிடித்து இழுத்ததால்தான் கிரைண்டரை நிறுத்தினாள். நிறுத்தும்போது வளவுக்குள் தண்ணீர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பினாள். மாமி தப்பவில்லை. மாமி இவளுடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம். அதற்குப் பின் அவள் அம்மியில்தான் அரைக்கிறாள். வேலைக்கு நடுவே கையை நிறுத்திவிட்டுக் கடல் பக்கம் காதைக் கொடுப்பாள், பிறகு தொடர்வாள்.

இவ்வளவும் தெரிந்த எனக்கு விளங்கியது இதுதான்: இவளுக்குச் சத்தம் பிடிக்காது. அறிவாளி.

கெஞ்சினேன். சத்தமில்லாத ஒரு பெட்டி செய்து, சேர்வரை அதற்குள் வைக்கிறேன் என்றேன். அவள் யோசித்துவிட்டுத் தவணை கொடுத்தாள். "நோன்புத் தலைப்பிறை மட்டுக்கும் பாப்பன். அதுக்குள்ள ஏலாட்டி தூக்கிற்றுப் போயிரணும்." பிறைக்கு இரண்டு மாதம் இருந்தது. அன்றிலிருந்து இரவில் எல்லோரும் பார்க்கிற நிலாவை நான் பகலிலும் வானத்தில் தேடத் தொடங்கினேன்.

விசிறிக்காரனுக்கு ஒரு விஷயம் தெரியும். சின்ன விசிறிதான் கத்தும், பெரியது மெல்லச் சுற்றியே அதே காற்றைத் தரும். ஆறு சின்னதையும் கழற்றினேன். கழற்றியதும் சேர்வர் எழும்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. கல்முனையில் கணினி திருத்துகிற ஒருவர், விசிறிகள் இன்னும் சுற்றுகின்றன என்று அதை ஏமாற்றுகிற வழியைச் சிரிக்காமல் சொல்லித் தந்தார். அவர் சிரிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவற்றுக்குப் பதிலாக ஒரு பழைய மேசை விசிறியின் மோட்டரை ஆக மெதுவாக ஓடவிட்டேன். மோட்டர் அதிர்வில் உள்ளே டிஸ்க் நடுங்கியது. சைக்கிள் ரியூபைக் கீலங்கீலமாக வெட்டி, கைக்குழந்தையை ஏணையில் போடுவதுபோல அதைத் தொங்கவிட்டேன்.

காற்றுப் போக வழி விட்டால் சத்தமும் அதே வழியால் வந்துவிடுகிறது. இதற்கு விடை எங்கள் வாசலிலேயே இருந்தது. படலையைத் திறந்தால் வீட்டுக்குள் கண் போகாதபடி குறுக்கே ஒரு மறைப்புச் சுவர் கட்டியிருப்போமே, அதுதான். காற்று வளைந்து வரும், பார்வை வளைந்து வராது. சத்தமும் வளைய வெட்கப்படும் என்று கணக்குப் போட்டு, பெட்டிக்குள் மூன்று மறைப்புச் சுவர் வைத்தேன். சுவர்களில் ஒட்டியது, சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கிடைத்த ஸ்பொஞ்ச் மெத்தை. அதில் படுத்தால் எனக்கு நித்திரை வந்ததே இல்லை. சேர்வருக்காவது வரட்டும் என்று வெட்டினேன்.

பலகை வாங்கக் கல்முனைக்குப் போய்த் திரும்பும்போது சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். யுத்தம் வடக்கில் இறுகிக்கொண்டிருந்த காலம். என் சைக்கிளில் பலகை, வயர்ச் சுருள், மோட்டர், சட்டைப்பையில் யாரோ தந்த கலியாண அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் கீறிய பெட்டிப் படம். காற்று எங்கால் வரும், எங்கால் போகும் என்று அம்புக்குறி வேறு. ஒரு பெட்டி, உள்ளே வயர், சுற்றிவர அம்புகள். கீறியது நானாக இல்லாவிட்டால் நானே என்னைப் பிடித்துக் கொடுத்திருப்பேன். சிப்பாய் அம்பைத் தொட்டு என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லும் அந்த நேரம் லீவில். வாயைக் குவித்து அவருடைய கையில் காற்றை ஊதிக் காட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டு என்னை நெடுநேரம் பார்த்தார். பைத்தியம் என்று முடிவெடுத்திருக்க வேண்டும். போகச் சொல்லிவிட்டார். கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. வீடு வரும்வரை பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்து, ஒரு ஆட்டில் மோதினேன்.

பிறைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பெட்டி முடிந்தது. மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு தெரு அடங்குகிற நேரம்தான் பரீட்சை. அவள் குசினியில், நான் முன்கூடத்தில். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கேட்டேன்:

"இரையுதா?"

"ஓம், இரையுது."

பெட்டியைத் திறந்து இன்னொரு தட்டு ஸ்பொஞ்ச் ஒட்டினேன். மறுநாளும் கேட்டேன். இரையுது. இன்னொரு தட்டு. அதற்கு அடுத்த நாளும் இரையுது. பெட்டியில் காதை வைத்துப் பார்த்தால் எனக்கு என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. விசிறிகளோடு இருந்து செவிடாகிவிட்டேன் என்று பயம் பிடித்தது. போகிற வருகிறவர்களிடம் ஏதாவது கதைக்கச் சொல்லிக் காதைச் சோதித்தேன். மெத்தை முடிந்து தலையணைக்கு வந்தேன். காற்று வருகிற வாயைப் பாதி அடைத்தேன். பிறைக்கு மூன்று நாள். எங்கே போய்த் தங்குவது என்று மனசுக்குள் உறவினர்களை வரிசைப்படுத்தினேன். வரிசை நீளமாக இல்லை.

அன்றும் கேட்டேன். இரையுது என்றாள், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட. என்னைப் போகவிட இவ்வளவு சந்தோஷமா! மீதி வாயையும் அடைத்தேன். பின்நேரம் அசர் பாங்கு சொல்ல முதல் பெட்டியிலிருந்து கருகல் மணம் வந்தது, பிறகு புகை. அவள் ஓடிவந்தாள். நான் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, உருகிய தலையணையைக் கையால் இழுத்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

"என்னத்துக்கு இப்பிடி அடைச்ச நீங்க? மூச்சு உட ஒரு ஓட்டை இல்ல."

"நீதானே புள்ள ஒவ்வொரு நாளும் இரையுது இரையுதெண்டு சொன்ன."

அவள் என்னைப் பார்த்தாள். "நான் பெட்டியவா சொன்ன?"

"பின்ன என்னத்த?"

"கடல. கடல் இரையுறது கேக்குதெண்டு சொன்னன். மொதல் நாளே கேட்டிச்சு. மனிசன் நல்லாத்தான் செஞ்சிரிக்காரு எண்டு நெனச்சன்."

சுட்ட விரலைச் சூப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இரையுதா என்று நான் கேட்டதில் எது என்பது இல்லை. அவளுக்கு அப்படியொரு கேள்வியே கிடையாது. அந்த ஞாயிறிலிருந்து இரைவது அவளுக்கு ஒன்றுதான். அவளுக்குப் பயம் சத்தத்தில் இல்லை, சத்தத்துக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்துகொண்டு வருவதில். இவ்வளவு நாளும் அவள் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையணை திணித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புதுப் பயம். ஸ்பொஞ்சை எடுத்தால்தான் சேர்வர் உயிரோடு இருக்கும். எடுத்தால் கடல் கேட்குமா? கருகிய இடங்களை மறுநாள் துடைத்தோம். சேர்வர் பிழைத்திருந்தது, தகரம் மட்டும் வெட்கப்பட்டதுபோல் கொஞ்சம் கறுத்திருந்தது. ஒவ்வொரு தட்டாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் முழு வசனமாகக் கேட்டேன்: "கடல் இரையுறது கேக்குதா?" ஓம், ஓம், ஓம். கடைசித் தட்டைக் கழற்றியதும் பதில் வரவில்லை.

அவளே வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் மூச்சு விடவில்லை. நான் விட்டால் அதுவும் சத்தம்தானே.

"இதுவும் கேக்குது, அதுவும் கேக்குது" என்றாள். "இதுக்குப் பின்னால அது ஒளிஞ்சிரிக்கல்ல." பிறகு, "ஆனா சுவிட்ச் எனக்கிட்ட இரிக்கணும்."

வயரை இழுத்து, குசினியில் அம்மிக்குப் பக்கத்தில் சுவிட்சைப் பூட்டினேன். அன்றிலிருந்து முன்கூடத்தில் பிள்ளைகள் பாடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் கடலுக்குக் காது கொடுக்கிற நேரம், நாலு கணினியும் ஒரேயடியாகச் செத்துப்போகும். "கரண்ட் போயிற்று" என்பேன். தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் விசிறியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், மரியாதைக்குச் சும்மா இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். இப்படிப் பட்டென்று நிறுத்தினால் சேர்வர் கெட்டுவிடும் என்று மச்சான் ஏசினார். ஓம் ஓம் என்று சொல்லி ரெலிபோனை வைத்தேன்.

அடுத்த வருஷம் யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். காலையிலிருந்தே விடாமல். அன்று அவள் சுவிட்சை நிறுத்தியவள் திரும்பப் போடவில்லை. வெடிகளுக்குத்தான் சுவிட்ச் இல்லை. கடல் பக்கத்துப் பின்வாசல் படியில் போய்க் குந்தினாள். நானும் போய்ப் பக்கத்தில் குந்தினேன். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் கேட்டேன்:

"இரையுதா?"

கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னாள். இன்னொரு வெடி போனது. இன்னுமொன்று.

"ஓம்" என்றாள். "இரையுது."