மணிக்கு ஒரு லிட்டர்

பகலவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் என்னிடம் வராதீர்கள். ஆனால் அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரிந்திருக்காது. வயிற்றெரிச்சல் பிடித்தவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நான் இராஜாங்கம். பட்டுக்கோட்டை கார் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். பகலவன் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அவன் பேராவூரணிப் பக்கத்துக்காரன். அப்பா அடுத்தவர் தோப்பில் தேங்காய் பறித்தவர். மகன் எப்படியோ ஒரு சின்னத் தோப்பு வாங்கினான். கஜா புயல் அதில் ஒரு மரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. சிங்கப்பூருக்குப் போய் ஐந்து வருஷம் கம்பெனி லாரி ஓட்டினான். நிறுத்திய வண்டியில் இஞ்சினை ஓடவிட்டால் அங்கே அபராதமாம். திரும்பி வந்து பழைய வெள்ளை டீசல் கார் ஒன்றை வாங்கி, அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்து எங்கள் ஸ்டாண்டில் சேர்ந்தான்.

ரயில் கேட்டில் நின்றால் அணைப்பான். டீக்கடையில் அணைப்பான். எதிரே ஒரு டவுன் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றால்கூட சாவியைத் திருகிவிடுவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ‘சிங்கப்பூர் துரை’ என்று பெயர் வைத்தது நான்தான். அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் வண்டி அப்படி இல்லை. ஆள் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே இஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, உள்ளே ஜில்லென்று வைத்திருப்பேன். வெயிலில் வருகிறவர்களுக்கு அதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்? சும்மா நிற்கிற வண்டி எவ்வளவு டீசலைக் குடித்துவிடப் போகிறது என்பது என் கணக்கு.

அந்த மரியாதையை நான் குறைவில்லாமல் செய்தது தங்கம்மாள் அம்மாவுக்குத்தான். அறுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்து, மகள் எழில்மொழியை இஞ்சினியர் ஆக்கினார். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் கூட்டிப் போக வேண்டும். நாலு வருஷம் நான்தான் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் குளிரவைத்துக் காத்திருப்பேன். முடிந்ததும் அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வருவார். ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி நர்ஸ் பின்னாலிருந்து கூப்பிடுவார். இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். என் வண்டியைப் பார்த்ததும் எப்படி ஓடிவருகிறார் என்று மற்ற டிரைவர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

போன ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். மாற்றுக்குப் பகலவன் போனான். நான் எழுந்து வந்த அன்று எழில்மொழி போன் செய்தாள். அம்மா இனிமேல் பகலவன் வண்டியிலேயே போகிறேன் என்று சொல்கிறார்களாம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம். சரிம்மா என்றேன். வேறு சவாரி கிடைக்காமல் போகவில்லை. ஆனால் அந்த அம்மா எனக்குச் சவாரி மட்டும் இல்லை. என் தாயைக் கடைசிக் காலத்தில் நான் எங்கும் கூட்டிப் போனதில்லை. அதையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய முடியுமா?

டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏதோ சொல்லித்தான் அந்த அம்மாவை மயக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் அவனை மடக்கினேன். நிற்கிற வண்டி ஒரு டம்ளர்கூடக் குடிக்காது. அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால்தான் டீசல் போகும் என்றேன். எங்கள் தலைவர் மீரா சாகிப், சோதித்துப் பார்த்துவிட்டால் போகிறது என்றார். இரண்டு வண்டிக்கும் பங்க்கில் கழுத்துவரை டீசல் போட்டோம். பக்கத்துக் காலி இடத்தில் என் வண்டி ஏசியோடு ஒரு மணி நேரம் நின்றது. பகலவன் வண்டியும் நின்றது. அவன் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தான், முப்பது தடவை. திரும்பப் போய் நிரப்பினோம். என் வண்டிக்கு ஒரு லிட்டருக்கு மேல் பிடித்தது. அவன் வண்டிக்கு நூறு மில்லிகூட ஏறவில்லை.

“விடுங்கண்ணே, எனக்கும் சிங்கப்பூர் போறவரைக்கும் தெரியாது” என்றான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

அதன் பிறகும் நான் அணைக்கவில்லை. அவன் செய்வதை நான் செய்வதா? ரயில் கேட்டில் ஒருநாள் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவன் வண்டியில் கண்ணாடி இறங்கியிருந்தது. தங்கம்மாள் அம்மா பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு, நிதானமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லிச் சிரித்தார். நாலு வருஷத்தில் என் வண்டியில் அவர் ஒரு வாய் சாப்பிட்டதும் இல்லை, சிரித்ததும் இல்லை. நான் ஏசியை இன்னும் கூட்டிவைத்துக்கொண்டு கேட்டையே முறைத்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பகலவன் மகளுக்குக் காலேஜில் அட்மிஷன். அம்மாவைக் கூட்டிப் போக முடியுமா என்று என்னிடம் வந்து கேட்டான். ஸ்டாண்டில் பதினாறு வண்டி இருக்க, என்னிடம். உதவி செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். உள்ளுக்குள் துள்ளியது. இன்றைக்கு இந்த அம்மாவைத் திரும்ப என் பக்கம் இழுத்துவிட வேண்டும்.

பன்னிரண்டு மணியிலிருந்தே ஆஸ்பத்திரி வாசலில் இஞ்சினை ஓடவிட்டேன். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. அதே போல அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தார். அதே போல நர்ஸ் பின்னாலிருந்து கூப்பிட்டார். பகலவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு பேசினார்களே, இப்போது பார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ரயில் கேட் மூடியிருந்தது. வண்டி ஓடிக்கொண்டே நின்றது.

“தம்பி, இஞ்சினைக் கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா?”

அணைத்தேன். அந்த அம்மா பெரிதாக ஒரு மூச்சு விட்டுச் சாய்ந்தார். பிறகு அவராகவே சொன்னார். அவர்கள் குத்தகை நிலம் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எட்டாத வருஷங்களில் ஆயில் இஞ்சினை வாடகைக்குக் கொண்டுவந்து இறைப்பார்களாம். மணிக்கு ஒரு லிட்டர் எண்ணெய் போகும். இஞ்சின் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடை திறக்க ஓட வேண்டும்.

“அந்தச் சத்தம் கேட்டா இப்பவும் காலு நிக்க மாட்டேங்குது. ஊசியைக் கழட்டுனதும் வாசல்ல உங்க வண்டி ஓடுறது கேக்கும். நம்மளால எண்ணெய் எரியுதேன்னு ஓடியாந்துருவேன். ரெண்டு தடவை படியில விழுந்துட்டேன் தம்பி.”

ஒருமுறை முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். கொல்லையில் வழுக்கிவிட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

“நாலு வருஷமா ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?”

“எனக்காகத்தான பிரியமா குளுர வச்சிருக்கீங்க. அதைப் போயி வேணாம்னு எப்படிச் சொல்றது?”

ரயில் போய் கேட் திறந்த பிறகும் எனக்குச் சாவியைத் திருகத் தோன்றவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தேன். அடுத்த செவ்வாயிலிருந்து நானே வரட்டுமா என்று கேட்க வீடு வரைக்கும் வாயெடுத்தேன். கேட்கவில்லை. பகலவன் வண்டியில் அந்த அம்மா இட்லி சாப்பிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை அவர் பகலவன் வண்டியில்தான் போனார். வெள்ளிக்கிழமை அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டதற்கு எனக்கு நன்றி வேறு சொன்னான். என் பொறாமை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முன்பு அவன் என் சவாரியைப் பறித்தான் என்று எரிந்தேன். இப்போது, அந்த அம்மாவின் காலை அவன் ஒன்றும் தெரியாமலே காப்பாற்றியிருக்கிறான் என்று எரிகிறேன். இது அதைவிட மோசம்.

நேற்றும் கேட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். பின்சீட்டில் தங்கம்மாள் அம்மா இருந்தார். பகலவன் கை சாவிக்குப் போவதற்குள் நான் என் வண்டியை அணைத்துவிட்டேன்.