டால்வாவின் டேப்பட் சத்தம்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே ஒரு தப்பைச் செய்துவிடுவார்கள். டால்வா வீட்டு வாசலில் நிற்கும் மஞ்சள் பூமா காரைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் வண்டியா?" என்று அவளிடமே கேட்பார்கள். டால்வாவுக்கு வீட்டுக்காரர் என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஐம்பத்து மூன்று வயது. எங்கள் ஊர் கிரிசியூமாவில் தரைக்குப் போடும் டைல்ஸ் செய்கிற தொழிற்சாலையில் முப்பது வருடமாகத் தரம் பார்க்கிறாள். ஒவ்வொரு டைலையும் விரலால் தட்டுவாள். கணீரென்று கேட்டால் பெட்டிக்குப் போகும். சத்தம் அடங்கிக் கேட்டால் உள்ளே விரிசல், உடைக்கப் போகும்.

அது எழுபத்து நான்காம் வருடத்து வண்டி. உடம்பெல்லாம் ஃபைபர், எஞ்சின் பின்னால், உட்கார இரண்டே பேருக்குத்தான் இடம். அதில் ஏறி இறங்குவதற்குள் என் இடுப்பு கழன்றுவிடும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவளே வாங்கியது. ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, கார்புரேட்டர் கழுவுவது எல்லாம் அவள் கைதான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும்போது மட்டும் பக்கத்து வீட்டுத் தையல்காரியான என்னைக் கூப்பிடுவாள். நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பேன். அவள் அடியில் படுத்துக்கொண்டு, "மிதி! பிடி! விடுடி ஜெனி, விடுன்னா விடணும்!" என்று அதட்டுவாள். எந்த மெக்கானிக்கும் அந்த வண்டியைத் தொட்டதில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் பல் டாக்டர் ஓஸ்னியிடமும் இதே பூமா உண்டு. அவருடையது வெள்ளை. அதற்குத் தலைநகரத்தில் தனி மெக்கானிக். மே மாதக் கூட்டத்தில் கறி சுட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஆரம்பித்தார்.

"டால்வா அம்மா, கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டி வர்றது ரெண்டு தெரு தள்ளியே தெரியுது. தையல் மெஷினை ஏத்திக்கிட்டு வர்ற மாதிரி டக்கு டக்குன்னு. பாவம் அந்த வண்டி. எங்கிட்ட குடுத்துடுங்க, நல்லா வெச்சுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல் மெஷினுக்கு என்ன குறைச்சல்? டால்வா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஜூன்ல எல்லாரும் மலை ஏறுவோம்ல டாக்டர்? என் வண்டியைக் கயித்துல கட்டி இழுத்துத்தான் மேல கொண்டு வரணும்னு ஆச்சுன்னா, அன்னைக்கே சாவி உங்க கையில."

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். பிரயோஜனமில்லை. சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு.

அடுத்த ஞாயிறே அடியில் படுத்து வால்வு மூடியைக் கழற்றினாள். அந்த டக்கு டக்கு, வால்வைத் தள்ளித் திறக்கிற டேப்பட்டின் சத்தம். அதற்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மெல்லிய அளவுத் தகடு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அவள் அந்த இடைவெளியைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், சத்தம் அடங்கும்வரை குறைத்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினால் சத்தமே இல்லை. தெருவே வந்து கேட்டுவிட்டுப் போனது. "பூனை மாதிரி ஓடுதுடி!" என்று நானும்தான் சொன்னேன், முட்டாள்.

மலை ஏறுவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. வேலை முடிந்து வந்தவள் வண்டியை நிறுத்திவிட்டு நேரே என் வாசலுக்கு வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஜெனி, நான் வண்டியைக் கெடுத்துட்டேன்."

"என்னடி ஆச்சு?"

"ரெண்டு வாரமா கோயில் மேட்டுல திணறுது. பெட்ரோல் சரியில்லைன்னு நெனச்சேன். இன்னைக்கு ஒரு டைலைத் தட்டிட்டு, சத்தம் வரலைன்னு ஒதுக்கி வெச்சேன் பாரு, அப்பத்தான் உறைச்சுது. இருக்க வேண்டிய சத்தத்தை நானே இல்லாம பண்ணிட்டேன். வால்வு முழுசா மூடலை. மூடாத வால்வு எரிஞ்சு போகும்."

"இப்பவே சரி பண்ணேன்!"

"எஞ்சின் கொதிக்குது. ஆறாம வெச்சா அளவு தப்பாத்தான் போகும். காலைல வா, விளக்குப் பிடிக்கணும்."

ஜூன் எங்களுக்குக் குளிர்காலம்; விடியும் நேரத்தில் தரை பனியில் சில்லிட்டிருந்தது. டால்வா அட்டையை விரித்து அடியில் படுத்தாள். ஒவ்வொரு வால்விலும் தகட்டை நுழைத்துப் பார்த்தாள். மூன்றாவது சிலிண்டரில் தகடு நுழையவே இல்லை. நட்டைத் தளர்த்தி, அளவு வைத்து, மறுபடி இறுக்கினாள். எட்டு வால்வும் முடிந்தபின் எஞ்சினைக் கையாலேயே சுற்றினாள். மற்ற மூன்று சிலிண்டரும் அவள் கையைத் திருப்பித் தள்ளின. மூன்றாவது கொஞ்சம் சோம்பலாகத் தள்ளியது.

"எரிஞ்சுடுச்சா?"

"தெரியலை. இன்னைக்கு மலைதான் சொல்லும்."

கிளப்பியதும் டக்கு டக்கு என்று பழைய சத்தம் வந்துவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏறு," என்றாள்.

ரியோ தோ ரஸ்த்ரோ மலையில் வளைவுகளை நான் எண்ணியதில்லை. பாதி வழியில் எல்லோரும் நின்றபோது டாக்டர் காதில் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, இந்த அடி அடிக்குது! எஞ்சின் போயிடும். ஸ்பேனர் வெச்சிருக்கேன், ஒரு சுத்து இறுக்கிடலாம்."

"வேண்டாம் டாக்டர். அடிக்கட்டும்."

அதற்குமேல்தான் செங்குத்து. ஒரு கொண்டை வளைவில் எதிரே லாரி திரும்ப, நாங்கள் சரிவிலேயே நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி எடுக்கும்போது வண்டி உலுக்கியது, ஒருமுறை விக்கியது. நான் தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். டால்வா பல்லைக் கடித்துக்கொண்டு, "அடி, அடி, இன்னும் அடி," என்று வண்டியிடம் சொல்லிக்கொண்டே கிளட்சை விட்டாள். அது ஏறியது. உச்சியில் வண்டியை நிறுத்தியபின் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

டாக்டர் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். அவரும் சொந்தமாகத்தான் ஏறினார், ஆனால் நடக்கிற வேகத்தில். "கடைசி பத்து வளைவு இழுக்கவே மாட்டேங்குது," என்றார்.

டால்வா வெள்ளை வண்டியின் பின்னால் போய்க் குனிந்து கேட்டாள். சத்தமே இல்லை.

"எப்பலேர்ந்து இவ்ளோ அமைதி?"

"ரெண்டு மாசமா. மெக்கானிக் தங்கமான கை."

"அணைங்க."

அவர் அணைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். "தொடாதீங்க டாக்டர்!" என்றாள் டால்வா. "ஆறட்டும். இப்படியே இறங்கினீங்கன்னா வால்வு போயிடும்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"சாப்பிட்டு வாங்க. வந்து இன்னொரு தடவை சாப்பிடுங்க."

இருபத்திரண்டு வண்டிக்காரர்களும் அந்தக் குளிர்காற்றில் அவித்த பைன் கொட்டையை உரித்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். கிளம்பலாம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேகம் இறங்கி இருட்டிக்கொண்டு வந்தபோது டால்வா எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெள்ளை வண்டிக்கு அடியில் படுத்தாள். டாக்டர் மண்டியிட்டு விளக்கைப் பிடித்தார்.

"இன்னும் கீழே," என்று அதட்டினாள் டால்வா. அவர் கீழே இறக்கிப் பிடித்தார்.