தொட்டில் ரூம் ராமாமணி

சிங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்த வெங்கடபதி 1953இல் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். அவர் மனைவி ராமாமணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குப் போனால் அண்ணிமாரின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். மில்காரர்கள் இரக்கப்பட்டு அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓர் அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறையைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எல்லோரும் அதைத் தொட்டில் ரூம் என்றார்கள்.

இரும்புக் குழாயிலிருந்து வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். தரையில் தவழும் பிள்ளைகள், ஓரத்தில் நடக்கிற பிள்ளைகள். இடைவேளைக்குச் சங்கு ஊதினால் தாய்மார் தலைமுடியெல்லாம் பஞ்சோடு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். ராமாமணி வந்த புதிதில் அந்த அறையின் அமைதி அவளுக்கு விளங்கவில்லை. இத்தனை பிள்ளைகள் இருக்கிற இடம் இப்படியா இருக்கும்? பிறகு தெரிந்தது. காலையில் கடுகளவு அபினியைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பலர் கொண்டுவந்து விட்டார்கள். அழுகிற பிள்ளையின் தாயை மேஸ்திரி கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்துத் திட்டுவார், வேலையை விட்டு எடுத்துவிடுவதாக மிரட்டுவார். அதற்குப் பயந்து செய்தார்கள்.

ராமாமணி ஒவ்வொருத்தியாகக் கெஞ்சினாள். "அழட்டுமுங்க, நான் பாத்துக்கறேன். அழுகற புள்ளைய எடுக்கறதுக்குத்தானுங்க எனக்குச் சம்பளம்" என்றாள். சிலர் கேட்டார்கள். அறையில் சத்தம் கூடியது. மேஸ்திரி வந்து அவளைத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு பிள்ளை ஏன் அழுகிறது, ஏன் கடிக்கிறது, ஏன் மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தாள். அந்த வயதில் வேறு எதிலும் அவளுக்கு ஆசை மிச்சமிருக்கவில்லை.

சாஜிதா பேகம் கோட்டைமேட்டுக்காரி. நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை. புருஷன் அப்துல் மஜீத் கொழும்புக்குப் பிழைக்கப் போனவன், இரண்டு வருஷமாகத் தகவல் இல்லை. அவளுடைய ஒரே மகள் இஸ்மத்துக்கு நான்கு வயது. வாயாடிப் பிள்ளை. ஒவ்வொரு தூளியாகப் போய்க் குழந்தைகளிடம் கதை சொல்லும்.

ஒரு நாள் ரீலிங்கில் ஒரு பெண்ணின் முந்தானை மெஷின் பெல்ட்டில் சிக்கி, கை நசுங்கிவிட்டது. அலறிக்கொண்டிருந்தவளைத் தொட்டில் ரூம் வாசல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். ராமாமணி கதவைச் சாத்த ஓடுவதற்குள் பிள்ளைகள் பார்த்துவிட்டன. அன்றைக்கு நிறையப் பிள்ளைகள் அழுதன. இஸ்மத் அழவில்லை. மறுநாள் பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. ஒரு மாதம் போயிற்று.

சாஜிதா அடித்துப் பார்த்தாள். தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தாள். ராமாமணி இருவரையும் அழைத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் போனாள். அவர் பிள்ளையின் நாக்கையும் காதையும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது பிடிவாதம். கண்டிச்சு வளர்த்தா பேசிடுவா" என்றார். சாஜிதா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் பிள்ளையின் தொடையில் கரண்டிக் காம்பால் சூடு விழுந்தது. மறுநாள் சூட்டுப் புண்ணைப் பார்த்த ராமாமணி அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவள் கவனித்தது ஒன்று உண்டு. ஆலைக் கதவு திறந்து மெஷின் சத்தம் பெரிதாகக் கேட்கும்போதெல்லாம் இஸ்மத் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். காரணம் தெரியவில்லை. ஒரு காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும்போது சாஜிதா பழக்கத்தில் குனிந்து அதன் காதில் சொன்னது ராமாமணிக்குக் கேட்டது.

"வாயைத் தொறந்து கத்தினியா, மிசினு உன்னெ இழுத்துக்கும். நெனப்பிருக்கட்டும்."

எத்தனை நாளாக இதைச் சொல்லி வந்தாள்? அழுகையை அடக்குவதற்கு அபினிக்குப் பதில் அவள் கண்டுபிடித்த வழி அது. பிள்ளை ஒருவேளை பாதி நம்பியிருக்கும். பிறகு வாயைத் திறந்து அலறிய ஒருத்தியைக் கை சிதைந்த நிலையில் தூக்கிப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டது.

இடைவேளைக்குச் சாஜிதா வந்தபோது மற்ற பெண்கள் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராமாமணியால் பொறுத்திருக்க முடியவில்லை.

"உன்ற பேச்சாலதான் இவ வாய் கட்டிப்போச்சு, சாஜிதா. வேற எதுவும் இல்ல. நீயே செஞ்சுபோட்டே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாஜிதாவின் முகம் வெளுத்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"பெக்காதவங்களுக்கு என்னங்க தெரியும்? இவ அழுதா எனக்கு வேலை போயிரும். வேலை போனா இவளுக்கு யாருங்க கஞ்சி ஊத்துவாங்க? நீங்க ஊத்துவீங்களா?"

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு மில்லுக்கு வரவில்லை. ராமாமணி கோட்டைமேட்டில் அவள் இருந்த சந்துக்குப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்த கையோடு பிள்ளையைத் தொலைத்துவிட்டாள் ராமாமணி. அவள் கண்டது சரிதான். அந்தச் சரியால் யாருக்கு என்ன நன்மை வந்தது? வேலைக்குப் போவாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள். எந்தத் தாயிடமும் ஒரு சொல் சொல்லப் பயம். வெங்கடபதி செத்த வீட்டிலே கூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

1961இல் மதுரைப் பக்கம் ஒரு சேவை ஆசிரமத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சேவிகைகளுக்குப் பயிற்சி தொடங்கினார்கள். எட்டாவது படித்திருந்தால் போதும் என்றார்கள். ராமாமணி லீவு கேட்டு, மேனேஜர் மறுத்து, மறுபடி கேட்டு, ஒரு வருஷம் சம்பளமில்லாமல் போய்ப் படித்தாள். பிள்ளைகளின் மனது என்று ஒன்று இருப்பதாகவும் அதற்கும் காய்ச்சல் வரும் என்றும் அங்கேதான் முதன்முதலாக ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டாள். களிமண்ணையும் பொம்மையையும் கொடுத்துவிட்டுப் பிள்ளை என்ன செய்கிறது என்று பேசாமல் பார்க்கக் கற்றாள். தாய்மாரிடம் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

திரும்பி வந்தபோது மில் மாறிக்கொண்டிருந்தது. புது மெஷின்கள் வந்தன. ரீலிங்கில் பெண்களை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். ராத்திரி ஷிப்டுக்குப் பெண்களைப் போட முடியாது, ஆண்களே மேல் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மாரைக் கூட்டிப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசலாம் என்று ராமாமணி திட்டம் போட்டாள். வந்தவர்களோ, அடுத்து யாருக்கு நோட்டீஸ் என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. 1964இல் பெண்களின் எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே போயிற்று. இனித் தொட்டில் ரூம் சட்டப்படி தேவையில்லை. தூளிகளை அவிழ்த்துக் கீழே போட்டார்கள். கழிவுப் பஞ்சு மூட்டைகள் உள்ளே வந்தன.

"நீங்க பயிற்சி எல்லாம் எடுத்துட்டு வந்தீங்க, பாவம்" என்றார் மேனேஜர். "இதையெல்லாம் கான்வென்ட்டுல எங்காச்சும் கேட்டுப் பாருங்க."

கேட்டாள். பள்ளிக்கூடங்களில் டீச்சர் டிரெயினிங் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் படிப்பு கேட்டார்கள். "புள்ளை வளக்கறதுக்குச் சொல்லித் தர ஒரு ஆளாங்க?" என்று ஒரு பெரிய மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் ஆர்.எஸ்.புரத்து பங்களா ஒன்றில் ஆயா வேலை கிடைத்தது. மூன்று வயதுப் பையன் சாப்பிட மறுத்தான். "பூச்சாண்டிகிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்னு சொல்லு, தானா முழுங்குவான்" என்றாள் வீட்டம்மா. ராமாமணி அதைச் சொல்ல மாட்டேன் என்றாள். அந்த வாரத்தோடு வேலை போயிற்று.

சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் அன்று பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். இறங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. தேடுவதற்கு யாருமில்லை. மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், "ஏனுங்கம்மா, ஒடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நகராமல் நின்றார். அவருக்காக எழுந்து நடந்தாள்.

அந்த மாதத்தில்தான் வெங்கடம்மாள் வந்தாள். மில்லில் நிறுத்தப்பட்ட பெண்களில் ஒருத்தி. இப்போது பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் பொரி விற்றுக்கொண்டிருந்தாள்.

"சாஜிதாவைப் பாத்தனுங்க. தம்பிதுரை கவுண்டர் கொப்பரைக் களத்துல காய் ஒடைக்கறா. அந்தப் புள்ளையும் கூடத்தான் இருக்குது."

"பேசுதா?"

"இல்லீங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் ராமாமணி பொள்ளாச்சிக்குப் போனாள். களத்தில் உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சாஜிதா அவளைப் பார்த்தாள், கை நிற்கவில்லை. பக்கத்தில் பதின்மூன்று வயதுப் பெண் குனிந்து மூடிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் இஸ்மத்; அவள் ராமாமணியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"இப்ப வந்து என்னங்க ஆகப் போவுது?" என்றாள் சாஜிதா.

ராமாமணி தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அத்தனை பேரு முன்னால உன்னெ நிக்க வெச்சுப் பேசிப்போட்டேன். தப்புதான், அம்மணி. நீ என்ன கஷ்டத்துல இருந்தீன்னு ஒரு வார்த்தை கேக்காம போனேன்."

சாஜிதா அரிவாளைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க. அன்னைக்கே தெரியும். தெரிஞ்சு போனதுனாலதான் உங்க மூஞ்சியப் பாக்க முடியல. ஒம்போது வருசமா அதையே நெனைக்கறேன். இவ மூஞ்சியப் பாத்தா என்ற பேச்சுத்தான் காதுல கேக்குது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ராமாமணிக்குத் தாங்கியிருக்கும்.

வெங்கடம்மாளின் குடிசையில் ஒதுங்கிக்கொண்டு ராமாமணியும் களத்தில் காய் பொறுக்கும் கூலிக்குச் சேர்ந்தாள். இஸ்மத்திடம் எதையும் கேட்கவில்லை. பேச வைக்க முயலவுமில்லை. சாஜிதாவோடுதான் பேசினாள்: கொழும்புக்குப் போனவனைப் பற்றி, ஏறிப்போன அரிசி விலை பற்றி, மில்லில் மேஸ்திரி முன்னால் நின்ற நாட்களைப் பற்றி. பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாஜிதா தானாகவே மகள் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, மிசினு யாரையும் வாய் தொறந்ததுக்காக இழுக்காது. உம்மா பொய் சொல்லிப்போட்டேன். பயத்துல சொன்னேன்."

இஸ்மத் கேட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு மறுபடி மூடிகளைத் திருப்பப் போய்விட்டாள். காலம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்றே ராமாமணி நினைத்தாள்.

சில வாரங்கள் கழித்துச் சாஜிதா ஓடிவந்தாள். சோளக் கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லையில் நின்றிருந்தாளாம். பின்னாலிருந்து யாரோ கரகரத்த குரலில், "உம்மா, கஞ்சி பொங்குது" என்றார்களாம். பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துத் திரும்பியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு இஸ்மத் சரளமாகப் பேசிவிடவில்லை. தாயிடம் சில வார்த்தை, வெங்கடம்மாளிடம் ஒன்றிரண்டு. ஆண்கள் வந்தால் கை வாய்க்குப் போய்விடும். ஆனால் களத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூங்கும்போது அலறுகிற பிள்ளை, மண் தின்கிற பிள்ளை, தம்பி பிறந்ததிலிருந்து படுக்கையை நனைக்கிற பிள்ளை என்று ஒவ்வொன்றாய் ராமாமணியிடம் வந்தன. தம்பிதுரை கவுண்டர் முதலில் முறைத்தார். பெண்களின் வேலை குறையவில்லை என்று கண்டதும், மூட்டை வைக்கும் சாய்ப்பு ஒன்றைக் காலி செய்து கொடுத்தார். பஞ்சாயத்து யூனியன் 1967இல் அதைப் பாலர் மையமாக எடுத்துக்கொண்டு ராமாமணியைச் சேவிகையாகப் போட்டது. முப்பத்தாறாவது வயதில் அவளுக்கு மறுபடி ஒரு வேலை இருந்தது. எந்தத் தாய் வந்தாலும் முதலில் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பாள். பிள்ளையைப் பற்றிய பேச்சு பிறகுதான்.

எல்லோரையும் தேற்ற முடியவில்லை. ஆமினா பீவி என்ற பெண்ணின் பையன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தான். ராமாமணிக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். கடைசியில் அவனை எங்கேயோ கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்க்கத் துணிவில்லாமல் வழியிலேயே திரும்பினாள்.

1969இல் இஸ்மத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலக்காட்டுப் பக்கம் யாகூப் என்பவன், மர வியாபாரத்தில் இருந்தான். மாப்பிள்ளையின் அம்மா வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பொண்ணு வாயே தொறக்க மாட்டீங்குது. இந்தக் காலத்துல இப்படிக் கெடைக்குமா?"

ராமாமணிக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை. எழுந்து பெண்கள் பக்கம் போனாள். சாஜிதாவுக்கும் அந்தப் பேச்சு கேட்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ராமாமணி நேராக மாப்பிள்ளையின் அம்மா எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு சங்கதி சொல்லோணுமுங்க. இந்தப் பொண்ணு பேசாம இருந்தா, நல்ல குணம்னு உட்டுப்போடாதீங்க. ஏதோ பயந்திருக்குதுன்னு நெனைச்சுக்குங்க. என்னன்னு கேளுங்க."

அந்த அம்மாள் சரி சரி என்று சிரித்தாள். எவ்வளவு விளங்கிற்று என்று ராமாமணிக்குத் தெரியவில்லை. பாலக்காட்டுக்குப் போகும் வேன் கிளம்பும்வரை சாஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.