ஸ்டூரே வீட்டு இரண்டு பாத்திரங்கள்

ஸ்டூரே ஹெட்மான் அடுப்பின் மேல் குனிந்து, பாத்திரத்துக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது. முதலில் கீழ் ஓரத்தில், பிறகு பாதிவரை. கண்ணாடி முழுவதும் வெளுத்துப்போனதும் கையால் விசையைத் தடவி அடுப்பை அணைக்கிறார். மனைவி மோனா வாங்கிக் கொடுத்த வெப்பமானி இழுப்பறையில் கரண்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. ஏலமும் பட்டையும் கிராம்பும் போட்டுச் சுடவைக்கும் சிவப்பு ஒயின் கொதித்துவிடக் கூடாது, கொதித்தால் அதிலிருக்கும் சரக்கு ஆவியாகிவிடும் என்பது வடகோடிப் பனி ஊரான லூலியோவில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டூரே அதைத் தன் பாணியில் சொல்வார்: "கொதிக்க விட்டா சீலிங்தான் குடிக்கும்."

க்ளோக் என்பார்கள் அந்தப் பானத்தை. கிறிஸ்துமஸ் வருகிறது என்பதற்கு இந்தத் தெருவில் முதல் அடையாளம் தேவாலய மணி அல்ல, ஸ்டூரே வீட்டிலிருந்து கிளம்பும் ஆரஞ்சுத்தோல் வாசனைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு மதியம், வெளியே இருட்டிய பிறகு, தெருவே அவர் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலுறைக் காலோடு உள்ளே வரும். இருட்டுவது என்றால் இங்கே மதியம் இரண்டு மணிக்கே இருட்டிவிடும். அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

ஸ்டூரேவின் வேலை, புகைபோக்கி துடைப்பது. கயிறும் இரும்பு உருண்டையும் தூரிகையுமாகக் கூரை கூரையாக ஏறி இறங்குகிற மனிதர். எந்த வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள், எந்த வீட்டில் கொதிகலனுக்குப் பின்னால் காலிப் புட்டிகள் நிற்கின்றன, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒரு சொல் வெளியே வராது. கேட்டால், "வாயத் தொறந்தா கரி உள்ள போயிடும்" என்பார். வீட்டிலும் அதே கதைதான். "கல்யாணம் பண்ணிக்கிறியான்னு எங்கப்பா வீட்டுக் கூரை மேலேர்ந்து கத்தித்தான் கேட்டான். நேரா நின்னு கேக்கணும்னா இன்னிக்கு வரைக்கும் கேட்டிருக்க மாட்டான்" என்று மோனா ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஸ்டூரேவும் கூடச் சிரிப்பார். மறுக்க மாட்டார்.

அந்த வாய் திறப்பது மசாலா விஷயத்தில் மட்டும்தான். முதல் பனி விழுந்ததும் பட்டை, கிராம்பு, சுக்கு, கசப்பு ஆரஞ்சுத்தோல் எல்லாவற்றையும் தெளிந்த சாராயத்தில் போட்டு, ஜாடியைத் துடைப்பம் வைக்கும் அலமாரியில் ஒளித்து வைப்பார். ஏலக்காயைக் கத்திப் பிடியால் தானே நசுக்குவார். "ஏலக்காய்ப் பொடி வாங்கறவன் வீட்டு அடுப்பப் போய்ப் பாரு, வெறகுக்குப் பதிலா பால் அட்டைப்பெட்டிய எரிச்சு வெச்சிருப்பான்" என்று தொழில் சாட்சியோடு அடித்துச் சொல்வார். ஆரஞ்சுத்தோலின் வெள்ளைச் சதை கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு முழுக்க முகம் சரியாக இருக்காது.

இந்த வருஷம் முகம் சரியில்லாததற்கு ஆரஞ்சுத்தோல் காரணம் அல்ல. அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன.

தங்கை இங்கெலா நவம்பரில் போன் செய்திருந்தாள். தெற்கே ஊமியோ நகரில் பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறவள். இந்த வீட்டு விருந்துக்கு அவள் கடைசியாக வந்தபோது தட்டோடும் குவளைகளோடும் ஜன்னலில் சாய்ந்து, அங்கே தொங்கிய காகித நட்சத்திர விளக்கையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். கால் தடுக்கிவிட்டது என்று தெருவே கூடி முடிவு செய்துகொண்டது. மோனா புதுத் திரைச்சீலை வாங்கினாள். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, இங்கெலாவும் வரவில்லை.

"நான் குடிய விட்டுட்டேன், ஸ்டூரே. சுத்தமா விட்டுட்டேன்" என்றாள் போனில். "ஒரு வாய் பட்டாலும் போச்சு. எனக்கு நடுவுல நிறுத்தத் தெரியாது. அட்வென்ட்டுக்கு வரலாமா?"

ஸ்டூரே ஜன்னல் வழியே வெளியே கிடந்த பனியைப் பார்த்தார். பிறகு, "ரோடு வழுக்கும். குளிர்கால டயர் மாட்டியாச்சா?" என்று கேட்டார்.

"மாட்டியாச்சு."

"அப்ப வா."

"ஒண்ணே ஒண்ணு. தெருவுல யாருக்கும் சொல்லிடாத. எல்லாரும் பாவமாப் பாப்பாங்க. அத என்னால தாங்க முடியாது."

"நான் எங்க பேசப் போறேன்" என்றார் ஸ்டூரே. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது அவருக்குப் பெரிய விஷயமே அல்ல; சொல்லாமல் இருப்பதுதானே அவர் வாழ்க்கை.

ஆனால் போனை வைத்த பிறகு மனிதர் பட்ட பாட்டை மோனாதான் பார்த்தாள். கடைக்குப் போய்ப் புதுப் பாத்திரம் ஒன்று வாங்கி வந்தார். மரக்கரண்டியில் இத்தனை வருஷ ஒயின் ஊறியிருக்குமே என்று புதுக் கரண்டியும் வாங்கினார். கருந்திராட்சைச் சாறும் லிங்கன்பெர்ரி என்னும் சிவப்புக் காட்டுப்பழச் சாறும் கலந்து, அதற்கென்று தனியாக மசாலாவைத் தண்ணீரில் ஊறவைத்தார். ஒயினுக்குச் சிவப்புக் குவளை, சாற்றுக்கு நீலக் குவளை. நீலக் குவளைகளை மட்டும் இரண்டாம் தரம் கழுவிவிட்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். வண்டி ஓட்டுகிறவர்களுக்காகச் சாற்றில் செய்த க்ளோக் ஒரு பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாறு கொதித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனாலும் கண்ணாடியில் ஆவி படிகிறவரை அதன் மேலும் குனிந்து நின்றார்.

இங்கெலா கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். தாளில் சுற்றிய வெள்ளைப் பூந்தொட்டியை மோனாவிடம் கொடுத்துவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றாள். ஒயின் இருந்த பெரிய பாத்திரத்தின் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. ஸ்டூரே எழுந்து போய் ஜன்னலை விரியத் திறந்தார். வெளியே மைனஸ் பதினெட்டு.

"தெருவையே சூடாக்கறியா?" என்றாள் மோனா.

"சாத்து, ஸ்டூரே" என்றாள் இங்கெலா. "வாசனை ஒண்ணும் என்னைக் கடிச்சிடாது." சொல்லிவிட்டுப் பெரிய பாத்திரத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றாள். ஸ்டூரேவுக்குப் பயமாக இருந்தது. பனி மூடிய கூரைச் சரிவில் ஒரு கயிற்றை நம்பி நிற்கும்போது வராத பயம்.

விருந்தாளிகள் வந்தார்கள். பக்கத்து வீட்டு கென்னெத் முதல் ஆளாக நுழைந்தார். தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் தான் ஒருவரே பேசித் தீர்ப்பது என்று முடிவு செய்தவர் போல இருப்பார்.

"இங்கெலா! எத்தன வருஷமாச்சு. நீ இல்லாம இந்த வீட்டு விருந்து சாவு வீடு மாதிரி இருந்துது, தெரியுமா? உங்கண்ணன் ஒரு பக்கம் பேசாம நிக்கிறான், அவன் பாத்திரம் ஒரு பக்கம் பேசாம நிக்குது. வா வா, பெருசுலேர்ந்து ஊத்திக்க."

"வண்டி ஓட்டணும்."

"இன்னிக்கே ஊமியோவுக்கா? இந்தப் பனியிலயா? மோனா, மாடி ரூம்ல மெத்த விரிச்சிருக்கறது எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்தே தெரிஞ்சுதே. நீ இங்கதான படுக்கப் போற?"

இங்கெலா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். கென்னெத் சிவப்புக் குவளை ஒன்றை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர், அதனால்தான் அவரைத் தடுப்பது கஷ்டம்.

"அவ இதத்தான் குடிக்கணும்" என்று ஸ்டூரே நடுவில் புகுந்து, நீலக் குவளையில் ஊற்றி அவள் கையில் கொடுத்தார். "புதுசாப் பண்ணினது. வீட்டு ஆளு ஒருத்தர் ருசி பாத்துச் சொல்லணும்."

"பாரு, இவன் ஒரே மூச்சுல இவ்வளவு பேசறான்" என்றார் கென்னெத். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்டூரே குவளையைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, "ஸ்கோல்" சொல்லிக் குடித்தார்கள். இங்கெலா ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள். கன்னத்தில் ரத்தம் ஏறியது. "ஏலக்காய் தூக்கலா இருக்கு, நல்லா இருக்கு" என்றாள். மோனா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டூரேவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் ஒரு இஞ்சி பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். அன்று காலையிலிருந்து அவர் வாயில் போட்ட முதல் சாப்பாடு அதுதான்.

மேசையில் பாதாம் ஒரு கிண்ணத்திலும் உலர்ந்த திராட்சை ஒரு கிண்ணத்திலும் கைமாறிச் சுற்றிவந்தன. க்ளோக்கில் போட்டுக்கொள்வதற்கு. சிலர் குவளைக்குள் போட்டுக்கொள்வார்கள், சிலர் கரண்டியோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். கென்னெத் இரண்டாவது ரகம்.

"யோவ் ஸ்டூரே, திராட்சை போன வருஷத்தவிட ஏறிப்போயிருக்கு" என்றார் மென்றுகொண்டே. "எதுல ஊற வெச்ச, டீசல்லயா? இதுல ரெண்டு கரண்டி தின்னுட்டு எவனும் வண்டி எடுக்க முடியாது."

ஸ்டூரேவின் கை பிஸ்கட்டோடு பாதியில் நின்றது. பாத்திரத்தை மாற்றினார், கரண்டியை மாற்றினார், குவளையைக் கழுவினார். திராட்சையை மட்டும் எப்போதும்போலச் சாராய ஜாடியில் ஊறப்போட்டு, எப்போதும்போல ஒரே கிண்ணத்தில் கொட்டி வைத்திருந்தார். இந்த ஊரில் திராட்சையைக் குடி என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சாப்பாடு.

அவர் திரும்பிப் பார்த்தபோது கிண்ணம் இங்கெலாவைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விட்டிருந்தது. கரண்டி அவள் வாயில் இருந்தது.

மெதுவாகக் கரண்டியை வெளியே எடுத்தாள். காலியாக இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. அவள் மெல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் நாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்கள் மட்டும் அசைந்தன, வாசல் பக்கம், பிறகு குளியலறைப் பக்கம். இரண்டு வழியிலும் ஆட்கள் குவளையும் கையுமாக நெருக்கி நின்றார்கள். அவளுக்கு இந்தப் பக்கம் கென்னெத், அந்தப் பக்கம் அந்த டீசல் நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி. அடுத்தவர் வீட்டு விருந்தில், எல்லோரும் பார்க்க, வாயில் இருப்பதைத் துப்புவது என்பது இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நினைத்தே பார்க்க முடியாத காரியம். விழுங்குவது சுலபம். விழுங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஸ்டூரே அவள் முகத்தைப் பார்த்தார். இமைகள் மெல்லக் கீழே இறங்கின. அந்த முகத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். அவளுக்கு அந்த ருசி பிடித்திருந்தது. யாருக்கும் சொல்லாதே என்று கேட்டிருந்தாள். சரி என்று ஒப்புக்கொண்டவர் அவர்தான். அவள் தொண்டை ஒருமுறை அசைந்து நின்றது.

"இங்கெலா, முழுங்காத."

கூரைமேல் நின்று கீழே இருப்பவருக்குக் கத்துகிற குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன், கல்லு கிடந்துதா?" என்றார் கென்னெத்.

"சாராயத்துல ஊறினது அது." என்றார் ஸ்டூரே. "அவ குடிக்கறதில்ல. விட்டுட்டா. ஒரு சொட்டும் படக் கூடாது அவளுக்கு. நான்தான் மறந்துபோய் வெச்சேன். என் தப்பு."

கென்னெத் தன் குவளையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு அடுத்தவர் காலுறையைப் பார்த்தார். மோனா மட்டும் ஒரு அடி எடுத்துவைத்து நின்றுவிட்டாள். இங்கெலா கண்ணைத் திறந்தாள். ஸ்டூரேவை அப்படியொரு கோபத்தோடு பார்த்தாள். தெருவே அங்கே நின்றது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி யாருக்காக அவள் துப்ப வேண்டும்? வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஸ்டூரே ஆட்களை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். வலது கையைக் குழித்து அவள் மோவாய்க்கு அடியில் பிடித்தார், சின்னக் குழந்தைக்குப் பிடிப்பதைப் போல.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

இங்கெலா அந்தக் கையைப் பார்த்தாள். உதடுகள் கோணின. தலையைக் குனிந்து, ஒரு திராட்சை பாக்கியில்லாமல் அதில் துப்பினாள். ஸ்டூரே விரல்களை மடக்கிக்கொண்டார். எச்சிலும் சாராயமும் விரலிடுக்கில் வழிந்து வெள்ளைச் சட்டையின் கைக்குள் இறங்கின. மோனா நீட்டிய துணியை அவர் வாங்கவில்லை. மூடிய கையோடு, தங்கையை ஒட்டி, அறையில் கூடியிருந்த தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார்.