ராஜபாளையத்தில் பூவும் கொழுந்தும்

ரயில் ராஜபாளையத்தில் நின்றபோது காலை ஆறரை மணி. தை மாதம் இரண்டாவது வாரம். மலையடிவார ஊர், குளிரும் என்று மனைவி பைக்குள் திணித்து அனுப்பிய ஸ்வெட்டரை வெளியே எடுக்கவே இல்லை. நடைமேடையைத் தாண்டுவதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. சென்னையில் மார்கழி முழுக்க மின்விசிறி போட்டுத் தூங்கியவன் நான். இங்கேயாவது மூக்கு சில்லிடும் என்று நம்பி வந்தது என் தப்பு.

வந்த காரியம் மாம்பழம். என்னோடு வேலை பார்க்கும் கணேசனின் தங்கை முத்துலட்சுமி, ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் மம்சாபுரத்துக்காரர். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் பறித்து விற்பவர். சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் பார்சலில் வந்துவிடும். போன வருஷம் வரவில்லை. போனில் கேட்டதற்கு, "நேர்ல வந்து பாருங்கண்ணே" என்றார். ஓசிப் பழம் தின்று பழகியவனால் அதைத் தட்ட முடியுமா? கிளம்பிவிட்டேன்.

ஏழரை மணிக்கு அய்யனார் கோயில் சாலையில் ஆட்டோ. வாடகை நூற்றைம்பது ரூபாய்.

"என்னண்ணே, குளிரே காணோமே?" என்றேன் ஓட்டுநரிடம்.

"மார்கழி இந்த வருசம் லீவு போட்டிருச்சு சார். எங்கய்யா காதுல துண்டக் கட்டிக்கிட்டுத்தான் டீக்கடைக்குப் போவாரு. இப்ப அதே துண்ட வச்சு வேர்வை தொடைக்காரு."

சாலையின் இருபுறமும் கொஞ்ச தூரம் வீட்டு மனை விற்பனைக்கு நட்ட கொடிகள். அதைத் தாண்டியதும் மாந்தோப்புகள். ஒரு தோப்பு முழுக்கச் செம்பு நிறத்தில் தகதகவென்று நின்றது. "அடேயப்பா, என்ன பூ!" என்று வாயைப் பிளந்தேன். ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

"அது பூ இல்ல சார், கொழுந்து. பூத்தாத்தான் பழம். கொழுந்து விட்டா நெழல்ல உக்காந்துட்டுப் போவ வேண்டியதுதான்."

முத்துலட்சுமி தோப்பு வாசலில் வெற்றிலைப் பையோடு நின்றிருந்தார். பக்கத்தில் தோப்புக்காரர் ராமராஜு, வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. இந்தப் பக்கத்து வழக்கத்தை முத்துலட்சுமி விளக்கினார். தையில் பூவைப் பார்த்து விலை பேசுவார்கள். மரத்தடியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது, பத்திரம் கிடையாது. அதற்குப் பிறகு பூ உதிர்ந்தாலும் மழை அடித்தாலும் குத்தகைக்காரர் பாடு. போன வருஷம் தோப்பே மஞ்சளாகப் பூத்திருக்கிறது. இவரும் ஆசையாக வெற்றிலை மாற்றியிருக்கிறார். மாசியில் காலமில்லாத காலத்தில் மழை கொட்டி, பூ அத்தனையும் கறுத்துக் கருகிவிட்டது. எங்கள் கூடை வராத கதை அதுதான்.

"இந்த வருசமும் போச்சுன்னா தொழில விட்டுரணும்னு அவிய கண்டிசனாச் சொல்லிட்டாவ" என்றார். 'அவிய' என்றது ராணுவத்தில் இருக்கும் கணவரை. "மில்லு வேலைக்குப் போவணும். மரத்தடியிலயே நின்னு பழகுன காலு, மெசினு முன்னால எப்படிண்ணே நிக்கும்?"

யோசிக்கவும் நேரமில்லை. மத்தியானம் தென்காசியிலிருந்து இன்னொரு வியாபாரி தோப்பைப் பார்க்க வருகிறார்.

உள்ளே நடந்தோம். மலைப்பக்கம் இருந்த மரங்களில் பூவும் தேனீயுமாக நல்ல வாசனை. சாலைப்பக்கம் வந்தால் அதே செம்புக் கொழுந்து.

"ஒரே தோப்பு, ஒரே வயசு மரம். இங்க மட்டும் ஏய்யா இப்படி?" என்றார் முத்துலட்சுமி.

"காலம் கெட்டுப்போச்சும்மா" என்றார் ராஜு, சாவியை உருட்டிக்கொண்டே.

காலம் கெட்டதென்னவோ நிஜம்தான். மாமரம் பூக்க இரவில் குளிர் வேண்டும், அடிமண் காய்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இப்போது கேடு. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகை வானத்தில் தங்கி, பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பகலைவிட இரவுதான் அதை அதிகம் உணர்கிறது. கடலும் சூடேறுகிறது. சூடான கடல் ஈரக்காற்றைத் தாராளமாக அனுப்புவதால், மழைக்குரிய மாதம் தாண்டியும் மேகம் வந்து நிற்கிறது. போதாததற்கு மரத்தை வெட்டி மனை போட்டு, தார் ஊற்றி, கண்மாயைச் சுருக்கியது நாம். தெருவின் சூடு விடியும்வரை இறங்குவதில்லை. இதையெல்லாம் மரத்தடியில் நின்று விளக்கினேன். இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

கடைசியில் முத்துலட்சுமி பெருமூச்சு விட்டு, வெற்றிலையை எடுத்து நீட்டினார். ராஜு கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"செத்த இரும்மா. மார்கழியில வெயிலு பங்குனி மாதிரி அடிச்சுச்சு. மரம் வாடுதேன்னு மனசு கேக்கல. ரோட்டுப்பக்கம் மட்டும் மோட்டாரப் போட்டுத் தண்ணி விட்டுட்டேன்."

முத்துலட்சுமி வெற்றிலையைப் பைக்குள் திரும்பப் போட்டார். மார்கழியில் மாமரத்துக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியுமாம். தாகத்தில் வாடினால்தான் பூக்கும், குடித்துவிட்டால் கொழுந்து விடும். வெயில் ஏமாற்றியதில், பரம்பரையாகத் தோப்பு வைத்திருப்பவருக்கே மாதம் மறந்துவிட்டது.

"வெத்தல மாத்துன பொறவு சொல்லிருப்பீயளா?"

"சொல்லிருக்க மாட்டேன்" என்றார் ராஜு, தரையைப் பார்த்தபடி.

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. முத்துலட்சுமிக்குக் கோபம்தான். மூக்கு விடைத்தது. பிறகு சொன்னார்: "குத்தகை வேண்டாம்யா. வாரத்துக்கு விடுங்க. வந்த காயில ஆளுக்குப் பாதி. வரலன்னா ரெண்டு பேருக்கும் இல்ல."

"எங்க தோப்ப வாரத்துக்கு விட்ட வழக்கமே கெடையாதும்மா."

"மார்கழியில தண்ணி விட்ட வழக்கமும் கெடையாதுல்ல?"

ராஜுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தென்காசிக்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றார். வெற்றிலை மாற்றப்படவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு மென்றார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது.

மாலை நான்கரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து. பதினோரு கிலோமீட்டர்தான். ரயிலுக்கு நேரம் இருந்ததால் கோயில் பக்கம் போய்ச் சுடச்சுடப் பால்கோவா வாங்கினேன், கால் கிலோ நூறு ரூபாய். பணத்தைக் கொடுக்கும்போது கையில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தால் மலைமேல் கருமேகம்.

சாரல் பிடித்ததும் தெருவே மலர்ந்துவிட்டது. பூக்காரம்மா முகத்தை வானத்துக்குக் காட்டினார். கடைக்காரர், "வெக்கைக்கு எம்புட்டு நல்லாருக்கு!" என்றார். தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற சென்னைக்காரன் நான், மழையைப் பார்த்தால் கும்பிடுகிறவன். முதல்முறையாக மனசுக்குள், 'போ, இப்போது வராதே' என்று சொன்னேன். சொன்னபிறகு உடம்பு கூசியது.

முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன்.

"இங்க இன்னும் விழலண்ணே. மேகம் மட்டும் நிக்குது. தோப்புலதான் நிக்கேன்."

"ராஜு வீட்டுக்குப் போய்விட்டாரா?"

"எங்கிட்டுப் போக? அவரும் இங்கதான், மேல பாத்துக்கிட்டு நிக்காரு" என்றார். "போன வருசம் நான் ஒருத்திதான்ணே நின்னேன்."